பேட்டரியை மாற்றும் முன் மூன்று அளவு: பைக் மின்கோளாறுகளுக்கு முழுமையான வழிகாட்டி

செல்ஃப் எடுக்கவில்லை என்றால் நம் ஊரில் முதலில் மாற்றப்படுவது பேட்டரிதான். புதியதை மாட்டியதும் வண்டி எடுத்துவிடும். அதனால் கோளாறு பழைய பேட்டரியில்தான் இருந்தது என்று வண்டிக்காரரும் நம்பிவிடுகிறார், மெக்கானிக்கும் நம்பிவிடுகிறார். நான்கைந்து மாதத்தில் புதியதும் படுத்துவிட்டால் ‘இந்தக் கம்பெனி சரியில்லை’ என்று அடுத்த முறை வேறு கம்பெனி பேட்டரி வாங்குகிறோம். சார்ஜ் ஏற்றாத ஆர்.ஆர். யூனிட் (ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர்), களிம்பு பிடித்த எர்த் வயர், சாவியை எடுத்த பிறகும் கரண்ட்டை இழுத்துக்கொண்டே இருக்கும் ஜி.பி.எஸ். கருவி என எதுவாக இருந்தாலும் அது இருந்த இடத்திலேயே இருந்து அடுத்த பேட்டரியையும் தின்னும்.

வயரிங் பக்கமே போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்களே எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மெக்கானிக்கிடம் போனாலே தேவையில்லாத செலவில் பெரும்பகுதி நின்றுவிடும்.

முதலில், மின்சாரம் போகும் வழி

என்ஜின் ஓடும்போது அதன் பக்கவாட்டில் காந்தச் சக்கரம் சுழல்கிறது. அதற்குள் இருக்கும் மேக்னட் காயிலில் ஏசி மின்சாரம் பிறக்கிறது. ஆர்.ஆர். யூனிட் அதை டிசி-யாக மாற்றி, சுமார் 14.5 வோல்ட்டுக்கு மேல் போகாமல் பிடித்து, பேட்டரிக்கு அனுப்புகிறது. வீட்டு மேல்நிலைத் தொட்டியோடு ஒப்பிட்டால், மோட்டார்தான் மேக்னட் காயில், தொட்டி நிறைந்ததும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வுதான் ஆர்.ஆர். யூனிட், தொட்டிதான் பேட்டரி. தண்ணீர் வரவில்லை என்பதற்காக யாரும் முதலில் தொட்டியை மாற்றுவதில்லை.

நம் பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது ஈய–அமில பேட்டரி. பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கிய அதே அடிப்படைதான் இன்றும். உள்ளே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், சேர்ந்து 12.6. சார்ஜ் குறையும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் படியும். உடனே திரும்ப சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டியான படிகமாக இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. பைக் பேட்டரிகள் வேலை செய்து தேய்வதைவிட, அரைகுறை சார்ஜில் கிடந்து சாவதே அதிகம்.

உங்கள் வண்டி எந்தக் காலத்தது என்பதும் முக்கியம். கார்புரேட்டர் இருந்த பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரி படுத்தாலும் கிக்கர் அடித்தால் வண்டி எடுக்கும். பிளக்குக்கான பொறி மேக்னட் காயிலிலிருந்தே நேராக வந்துவிடும். 2017 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிய வேண்டும் என்ற விதி வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பெட்ரோல் பம்ப்பும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வும் பேட்டரியை நம்பித்தான் எழுந்திருக்கின்றன. பல மாடல்களில் கிக்கரே இல்லை. பேட்டரி அடியோடு இறங்கிய இன்ஜெக்‌ஷன் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது பெரும்பாலும் வீண்வேலை. பேட்டரியைக் கவனிக்காமல் வண்டி ஓட்டிய காலம் போய்விட்டது என்பதால்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கையில் வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சென்னை ரிச்சி தெருவிலும், எந்த ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதோடு சைஸ் பொருந்தும் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் சமையல் சோடா, வாசலின், வண்டியின் ஓனர்ஸ் மேனுவல்.

ஒரே ஒரு பாதுகாப்பு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். வண்டியின் சட்டம் முழுக்க நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவ் வயர் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றப் போய் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் நேரடி ஷார்ட். ஸ்பேனரே பழுத்துச் சிவக்கும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கழுவிய கையோடு டாக்டரிடம் போய்விடுங்கள்.

படி 1: மீட்டரை எடுக்கும் முன் காதையும் கண்ணையும் தீட்டுங்கள்

சாவியைத் திருப்பி, ஹெட்லைட் அல்லது நியூட்ரல் விளக்கைப் பார்த்துக்கொண்டே செல்ஃப் பட்டனை அழுத்துங்கள்.

விளக்குகள் அடியோடு மங்கி ‘டிக் டிக் டிக்’ என்று தொடர்ந்து சத்தம் வந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு ‘டக்’ சத்தம் கேட்டு, விளக்கு மங்காமல், மோட்டாரும் சுற்றாமல் நின்றால் ஸ்டார்ட்டர் ரிலேயையோ மோட்டாரையோ சந்தேகப்படலாம். சத்தமே இல்லை, விளக்கும் பளிச்சென்று எரிகிறது என்றால் பேட்டரியைத் தொடாதீர்கள். கில் சுவிட்ச் ஆஃபில் இருக்கலாம், சைடு ஸ்டாண்டு இறங்கியிருக்கலாம், கிளட்ச் லீவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் செத்திருக்கலாம். கிளட்ச் சுவிட்ச் விலை குறைந்த பொருள். அதற்காகப் பேட்டரி மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் வண்டி எடுக்கவில்லை என்றால் அது வேறு கதை: பிளக், பெட்ரோல், பம்ப். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவி போட்டதும் ஓரிரு நொடி டேங்க் பக்கம் பம்ப் ஓடும் மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப் ஃபியூஸிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

படி 2: மூன்று அளவுகள்

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பு முனை நெகட்டிவில்.

முதல் அளவு, ஓய்வில். வண்டியை இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் சாவி போடும் முன் அளக்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்ததும் அளந்தால் மேலோட்டமான சார்ஜ் பொய்க்கணக்கு காட்டும். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்த பேட்டரி. மெயின்டனன்ஸ் ஃப்ரீ வகை 12.8 வரைக்கும் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். 11.8-க்குக் கீழே என்றால் காலி. இரவெல்லாம் சார்ஜ் போட்டும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறது என்றால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. அந்த பேட்டரிக்கு இனிமேல் எந்த வைத்தியமும் கிடையாது.

இரண்டாவது அளவு, செல்ஃப் அடிக்கும்போது. மீட்டர் முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டு இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றும் அந்த நொடியில் வோல்டேஜ் சரியும். 10-க்கு மேல் நின்றால் பேட்டரிக்குத் தெம்பு இருக்கிறது. 9.5-க்குக் கீழே விழுந்தால், அதுவும் ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரி அப்படி விழுந்தால், அது ‘ஹோல்டு பண்ணாத’ பேட்டரி. வெறும் வோல்டேஜை மட்டும் பார்த்து ‘பேட்டரி நல்லா இருக்கே’ என்று ஏமாறுவது இந்த இடத்தில்தான். கடையில் லோடு டெஸ்ட் என்று சொல்வதன் எளிய வடிவம் இது.

மூன்றாவது அளவு, என்ஜின் ஓடும்போது. முதலில் ஐடிலிங்கில் பாருங்கள், பிறகு ஆக்ஸிலேட்டரை முறுக்கி 4,000 ஆர்.பி.எம். பக்கம் பிடித்துப் பாருங்கள். 13.8-க்கும் 14.6-க்கும் நடுவில் நின்றால் சார்ஜிங் சரி. ஓய்வில் இருந்த அளவிலேயே நின்றாலோ, முறுக்க முறுக்க இறங்கினாலோ, சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பேட்டரி வீங்கும், தண்ணீர் சீக்கிரம் வற்றும், பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் போகும்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். ஓய்விலும் செல்ஃபிலும் மோசம், ஆனால் சார்ஜிங் சரி என்றால் பேட்டரியின் ஆயுள் முடிந்திருக்கலாம், இல்லையென்றால் எங்கேயோ கசிவு இருக்கலாம். சார்ஜிங் மோசம் என்றால் பேட்டரியின் மேல் இன்னும் தீர்ப்பு சொல்லாதீர்கள். அதை வெளியே எடுத்து முழுக்க சார்ஜ் செய்து மறுபடி அளந்த பிறகுதான் சொல்ல முடியும். மூன்றும் சரி, ஆனாலும் செல்ஃப் தடுமாறுகிறது என்றால் எர்த்தைத் தேடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, ‘வண்டி நிக்கலையே, சார்ஜ் ஏறுது’ என்று சோதிக்கும் பழக்கம் பழைய பட்டறைகளில் உண்டு. இ.சி.யு. உள்ள வண்டியில் அதைச் செய்யவே விடாதீர்கள். பேட்டரி இல்லாதபோது வோல்டேஜ் திடீரென்று எகிறும். பேட்டரியைப் போலப் பல மடங்கு விலையுள்ள இ.சி.யு. அந்த ஒரு நொடியில் போகலாம்.

படி 3: டெர்மினலும் எர்த்தும்

பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அது மின்சாரத்துக்குப் போட்ட முட்டுக்கட்டை. நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து, பிரஷால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பேட்டரி மூடிக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. காய்ந்ததும் இறுக்கி மாட்டி, அதற்கு மேல் வாசலின் தடவுங்கள். பல வண்டிகளின் ‘பேட்டரி ப்ராப்ளம்’ இந்தப் பத்து நிமிட வேலையில் தீர்ந்துவிடும்.

எர்த் வயர் பேட்டரி நெகட்டிவிலிருந்து கிளம்பி என்ஜினிலோ சட்டத்திலோ ஒரு போல்ட்டில் முடியும். அந்த போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டும் துருவும் சேறும் சேர்ந்துகொள்ளும். நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும். சோதிப்பது எளிது. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், சிவப்பு முனையை என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அத்தனையும் ஸ்டார்ட்டருக்குப் போகாமல் துருவில் வீணாகிறது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளக்கவைத்து மறுபடி முடுக்குங்கள்.

ஒரு சுவிட்சைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று மினுக்குவது, இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கு துடிப்பது, பிரேக் பிடித்தால் ஹார்ன் மங்குவது எல்லாம் பெரும்பாலும் எர்த் கோளாறின் கைவரிசைதான். வேறெதையும் கழற்றும் முன் எர்த்தைப் பார்க்கும் மெக்கானிக்கை நான் முழுக்க நம்புவேன்.

படி 4: சார்ஜ் ஏறவில்லை, காயிலா ஆர்.ஆர். யூனிட்டா?

முதலில் இரண்டுக்கும் நடுவில் வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். அதன் பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகி, கருகியிருந்தால் பாதிக் கோளாறு அங்கேயே கிடைத்துவிட்டது. அதிகக் கரண்ட் போகும் இடத்தில் பின் லூஸானால் சூடேறி உருகும். கப்ளரை மாற்றாமல் ஆர்.ஆர். யூனிட்டை மட்டும் மாற்றினால் புதியதும் போகும்.

மூன்று ஒரே நிற வயர்கள், பெரும்பாலும் மஞ்சள், காயிலிலிருந்து வரும் வண்டிகளில் சோதனை எளிது. கப்ளரைக் கழற்றிய நிலையில் என்ஜினை நிறுத்திவிட்டு, மீட்டரை ‘பீப்’ சத்தம் வரும் கன்டினியூட்டியில் வைத்து, ஒவ்வொரு மஞ்சள் வயரையும் என்ஜின் உடம்போடு தொட்டுப் பாருங்கள். சத்தம் வரவே கூடாது. வந்தால் காயில் எரிந்து எர்த்தைத் தொடுகிறது. அடுத்து என்ஜினை ஓட்டி, மீட்டரை ஏசி 200 வோல்ட்டில் வைத்து, இரண்டிரண்டு மஞ்சள் வயர்களாக மூன்று ஜோடியையும் அளவிடுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், முறுக்கினால் மூன்றும் சேர்ந்தே ஏற வேண்டும். ஒரு ஜோடி மட்டும் பின்தங்கினால் கோளாறு காயிலில். மூன்றும் ஒழுங்காக ஏறி, பேட்டரியில் மட்டும் வோல்டேஜ் ஏறாவிட்டால் ஆர்.ஆர். யூனிட்டிலோ, அதிலிருந்து பேட்டரிக்கு வரும் வயரிலோ தேட வேண்டும். இந்த ஏசி ஷாக் அடிக்கும் அளவுக்கு உயரும், வெறும் கை படக் கூடாது. பழைய சிறிய வண்டிகளில் காயில் அமைப்பு வேறு மாதிரி இருக்கும். அவற்றை மெக்கானிக்கிடமே விடுவது நல்லது.

படி 5: சாவியை எடுத்த பிறகும் கரண்ட் ஓடுகிறதா?

இரண்டு மூன்று நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்கிவிடுகிறது, ஆனால் சார்ஜிங் சரியாக இருக்கிறது என்றால் இந்தச் சோதனைதான் பதில் சொல்லும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கழற்றிய வயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைப் போடவோ செல்ஃபை அழுத்தவோ கூடாது. அழுத்தினால் மீட்டர் போய்விடும்.

டிஜிட்டல் மீட்டரும் கடிகாரமும் உள்ள வண்டியில் ஓரிரண்டு மில்லி ஆம்பியர் காட்டுவது இயல்பு. 10 ஆம்பியர் துளையில் வைக்கும்போது இது பூஜ்யம் போலத்தான் தெரியும். 50 மில்லி ஆம்பியர் காட்டினால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 மணி நேரத்தில் 1.2 ஆம்பியர்-அவர். 5 ஆம்பியர்-அவர் பேட்டரி நான்கு நாளில் காலி, இரண்டு நாளிலேயே செல்ஃப் திணறும். கசிவு இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்தப் பாதையில்தான் திருடன் இருக்கிறான். பேட்டரியில் நேரடியாக மாட்டிய ஜி.பி.எஸ்., அலாரம், மொபைல் சார்ஜர் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எந்த ஃபியூஸைப் பிடுங்கியும் அளவு விழவில்லை என்றால் ஆர்.ஆர். யூனிட் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளிருக்கும் டயோடு பழுதானால் அதுவே பேட்டரியைக் குடிக்கும்.

இன்னொரு கசிவுக்கு மீட்டரே தேவையில்லை. கில் சுவிட்சால் என்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை ஆனில் விட்டுப் போவது. டெயில் லைட்டும் மீட்டரும் சேர்ந்து 10 வாட் எரிந்தால்கூட 5 ஆம்பியர்-அவர் பேட்டரி ஆறு மணி நேரத்தில் தரையைத் தொடும். அன்றாடம் வண்டியை நிறுத்த சாவியையே பயன்படுத்துங்கள், கில் சுவிட்ச் அவசரத்துக்கு.

படி 6: ஃபியூஸும் வயரிங்கும்

பிளேடு ஃபியூஸ்களின் நிறமே அளவைச் சொல்லிவிடும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். போனது எந்த அளவோ அதையே போடுங்கள். கையில் வேறு இல்லை என்று செப்புக் கம்பியையோ ஜிகினாத்தாளையோ சுற்றி ஓட்டுவது வண்டியைத் தீயில் வைப்பதற்குச் சமம். ஃபியூஸ் உருகுவதற்குப் பதில் பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகும் வயர் உருகும். ஒரே ஃபியூஸ் இரண்டாவது முறை போனால் மூன்றாவதைப் போடாமல் ஷார்ட்டைத் தேடுங்கள். ஹார்ன் அடித்தபோது போனால் ஹார்ன் பாதை, பிரேக் பிடித்தபோது போனால் பிரேக் லைட் பாதை.

ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி அணைகிறது, நேராக்கினால் சரியாகிறது என்ற கோளாறு பலரை மாதக்கணக்கில் அலைக்கழிக்கும். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர்க்கட்டு தினமும் நூற்றுக்கணக்கான முறை வளைகிறது. மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். சாவி போட்டு, நியூட்ரல் விளக்கைப் பார்த்துக்கொண்டே ஹேண்டிலை இரு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள், கையால் வயர்க்கட்டை அசைத்துப் பாருங்கள். விளக்கு மினுக்கும் இடத்தில்தான் கோளாறு. வீட்டு வாசலிலோ தென்னந்தோப்பிலோ நிறுத்தும் வண்டிகளுக்கு எலியும் ஒரு எதிரி. சீட்டைக் கழற்றிப் பார்த்தால் கடித்த துண்டுகள் கிடக்கும்.

ஃபாக் லேம்ப் மாட்டும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. 40 வாட் விளக்கு இரண்டு என்றால் 80 வாட், ஏறத்தாழ 6.5 ஆம்பியர். சிறிய கம்யூட்டர் பைக்கின் மேக்னட் காயில் மொத்தமாகத் தருவதில் பெரும்பகுதி இதற்கே போய்விடும், பேட்டரிக்கு மிஞ்சாது. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் குறைந்த வாட் எல்.இ.டி. வாங்குங்கள், தனி ரிலேயும் தனி ஃபியூஸும் கேட்டுப் போடச் சொல்லுங்கள், ஹெட்லைட் வயரைக் கீறி டேப் சுற்றி இணைக்க விடாதீர்கள்.

படி 7: வீட்டில் சார்ஜ் போடுவது

பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும்: 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர், எட்டுப் பத்து மணி நேரம். கார் பேட்டரிக்கான சார்ஜரைச் சின்ன பேட்டரியில் போட்டால் அது சூடாகிக் கொதித்து வீங்கிவிடும். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் மூடிகளைத் திறந்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மேல், கீழ் என்ற இரண்டு கோடுகளுக்கு நடுவில் டிஸ்டில்டு வாட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் அதை மட்டும் ஊற்றுங்கள். அமிலம் கூடாது, போர் தண்ணீரோ கேன் தண்ணீரோ கூடவே கூடாது, அதிலுள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும். மெயின்டனன்ஸ் ஃப்ரீ வகையைத் திறக்கவே கூடாது.

படி 8: ஆயுளைக் கூட்டும் பழக்கங்கள்

ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட பேட்டரி மூன்று, நான்கு ஆண்டு உழைக்கும். அதைக் குறைக்கும் பெரிய சக்தி வெயில். பேட்டரியின் வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஆயுள் அதற்கேற்பக் குறையும். வேலூரிலும் கரூரிலும் கோடையில் 40 டிகிரி தாண்டும்போது நடுவெயிலில் நிறுத்திய வண்டியின் சீட்டுக்கு அடியில் என்ன வெப்பம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நிழல் பார்த்து நிறுத்துவதற்குச் செலவே கிடையாது.

செல்ஃப் அடித்தால் பேட்டரி போய்விடும் என்று கிக்கரையே மிதிப்பவர்கள் உண்டு. ஸ்டார்ட்டர் 50 ஆம்பியரை மூன்று நொடி இழுத்தால்கூட 0.04 ஆம்பியர்-அவர்தான் செலவு. ஒரு ஆம்பியர் வீதம் சார்ஜ் ஏறினால் மூன்று நிமிட ஓட்டத்தில் திரும்பிவிடும். ஆகவே செல்ஃபைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எடுக்காத வண்டியை விடாமல் அமுக்கிக்கொண்டே இருப்பதுதான் கேடு. ஐந்து நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள், அடுத்த முறைக்கு முன் பத்துப் பதினைந்து நொடி இடைவெளி கொடுங்கள்.

வெளியூர் போகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டார் ‘வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறோம்’ என்பார்கள். அந்த அன்புக்கு நன்றி சொல்லலாம், ஆனால் பேட்டரிக்கு அதில் பெரிதாக லாபமில்லை. ஐடிலிங்கில் மேக்னட் காயில் தருவது குறைவு, எரியும் ஹெட்லைட்டே அதில் பாதிக்கு மேல் வாங்கிவிடும். அரை மணி நேரம் ஓட்டினால் பலன் உண்டு. முடியாதென்றால் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், மாதம் ஒருமுறை சார்ஜ் போட ஏற்பாடு செய்யுங்கள்.

வாட்டர் சர்வீஸில் ஹை பிரஷர் தண்ணீரை சாவித் துளை, சுவிட்சுகள், சீட்டுக்கு அடியிலுள்ள கப்ளர்கள் மேல் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டுப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை. அதை அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். நனைந்த கப்ளர்களில் மின்சாரம் இருந்தால் பின்கள் சில நாளிலேயே பச்சை பூத்து அரித்துப்போகும். பிறகு கப்ளர்களைப் பிரித்து, சேற்றைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, காற்றடித்து உலர்த்தி, கான்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும். இ.சி.யு.வையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் திறப்பது மெக்கானிக் வேலை. என்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் செல்ஃப் அடிக்கவே கூடாது. இன்ஷூரன்ஸ் இருந்தால் எதையும் தொடும் முன் தண்ணீர் மட்டம் தெரியும்படி போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

புதியது வாங்கும்போது

மேனுவலில் சொன்ன அதே ஆம்பியர்-அவர், அதே நீள அகலம், பாசிட்டிவ் அதே பக்கம். ‘ஒரு சைஸ் பெருசா போட்டா நல்லா இழுக்கும்’ என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள், வண்டியின் காயில் மாறாமல் பேட்டரி மட்டும் பெரிதாகிப் பயனில்லை. லித்தியம் பேட்டரி எடை குறைவுதான். ஆனால் உங்கள் வண்டியின் ஆர்.ஆர். யூனிட் அதற்குப் பொருந்தும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

கடையில் அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கியதா என்று தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். அமிலம் தனியாக ஊற்றும் வகை என்றால் இன்னும் கவனம் தேவை. ஊற்றியதும் தகடுகள் அமிலத்தை உறிஞ்ச அரை மணி நேரமாவது விட்டு, பிறகு பெட்டியில் எழுதியிருக்கும் நேரம் வரைக்கும் முதல் சார்ஜ் போட வேண்டும். அவசரத்தில் ஊற்றிய கையோடு மாட்டிக் கொடுத்துவிடும் கடைகள் நிறைய உண்டு. அப்படி மாட்டிய பேட்டரி தன் முழு அளவை ஒருநாளும் எட்டாது. ‘நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன், சார்ஜ் போட்டு வைங்க’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். மாட்டிய பிறகு மூன்று அளவுகளையும் எடுத்து, வாரண்டி கார்டின் பின்பக்கத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட அது உதவும்.

பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதை உருக்கி மறுபடி பேட்டரியாக்கலாம் என்பதால் கடைக்காரர் விலையில் கழித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. காயலான் கடையில் பத்து இருபது ரூபாய் கூடக் கிடைக்கலாம். ஆனால் அங்கிருந்து அது திறந்தவெளியில் உடைத்து உருக்கும் இடத்துக்குப் போனால் அமிலம் மண்ணிலும், ஈயப்புகை அந்தத் தெருக் குழந்தைகளின் உடம்பிலும் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் நிரந்தரமாகப் பாதிக்கிறது. அதனால் பழையதைச் சாய்க்காமல் நிமிர்த்தி எடுத்துப் போய், புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். பில்லில் அதற்குக் கழித்த தொகையைத் தனியாக எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.